மூன்று முறை மாற்றாள்

ரோதியோன் விண்வெளிக்குப் போகாதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எல்லோரும் அவனைப் பற்றி முதலில் சொல்வது அதுதான். மாஸ்கோவுக்குப் பக்கத்தில், பைன் காட்டுக்குள் ஒளித்துக் கட்டிய இந்த ஊரில் மனிதர்கள் இரண்டே ஜாதி. போனவர்கள், போகாதவர்கள். போனவன் மார்பில் தங்க நட்சத்திரம் தொங்கும். போனவன் மனைவி கடைக்கு வந்தால் வரிசை தானாக வழிவிடும். ரோதியோனின் மனைவி நோன்னா பதினோரு வருஷமாக வரிசையில் நின்றுதான் ஹெர்ரிங் மீன் வாங்கினாள்.

பயிற்சியில் அவனுக்குக் குறை ஒன்றுமில்லை. சுழல் எந்திரத்தில் வைத்துச் சுற்றினாலும் இறங்கி வந்து டீ கேட்பான். பனிக்காட்டில் இரண்டு நாள் விட்டாலும் சவரம் செய்த முகத்தோடு வருவான். அப்படியும் இரண்டு முறை மாற்றாளாகத்தான் பேர் வந்தது. மாற்றாள் என்றால் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. எல்லா அலங்காரமும் உண்டு, தாலி மட்டும் கட்ட முடியாது.

மூன்றாவது முறை அவன் யாருக்கு மாற்றாள் என்று பார்த்தால், க்ளேபுக்கு. மேல்மாடி க்ளேப். இருவரும் ஒரே விமானப்படைப் பிரிவிலிருந்து ஒரே ரயிலில் வந்தவர்கள். க்ளேப் சுழல் எந்திரத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தவன். பட்டியலைப் பார்த்த அன்று ரோதியோனுக்கு வயிறு எரிந்தது. மாடியில் க்ளேப் நடக்கும் சத்தம் கேட்டால்கூட எரிந்தது.

“வாழ்த்துச் சொல்லப் போகலையா?” என்று நோன்னா கேட்டாள்.

“சொல்லிட்டேன்.”

“மூஞ்சியைப் பார்த்தா துக்கம் விசாரிச்சுட்டு வந்த மாதிரி இருக்கே.”

ராக்கெட் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, கஜகஸ்தான் பொட்டலில் இருக்கும் ஏவுதளத்தில், இருவரும் நீராவிக் குளியலுக்குப் போனார்கள். ரோதியோன் பிர்ச் இலைக்கொத்தால் க்ளேபின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தான். க்ளேப் இருமினான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. வெளியே வந்து உடம்பு ஆறின பிறகு ரோதியோன் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது.

“காய்ச்சலாடா?”

“ஜலதோஷம். டாக்டரம்மா கிட்ட சொல்லிடாதே ரோத்யா.”

“காலையில தெர்மாமீட்டர் வைப்பாங்களே?”

“அதையெல்லாம் நான் பார்த்துக்குவேன். நீ வாயை மூடிட்டு இரு, போதும்.”

ஒருவனுக்கு முடியாமல் போனால் மூவர் குழு மொத்தமும் இறங்கவேண்டும், மாற்றுக் குழு மூவரும் ஏறவேண்டும். அதுதான் விதி. ஒரே ஒரு வார்த்தை. பதினோரு வருஷம் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தையில் கிடைத்துவிடும்.

காலையில் டாக்டர் செரஃபிமா இலினிச்னா ரோதியோனின் நாடியைப் பிடித்தாள். “ரொம்ப வேகமா ஓடுதே. தூங்கலையா? ஏதாவது சொல்லணுமா எங்கிட்ட?”

ரோதியோன் வாயைத் திறந்தான்.

நல்லவன் என்பதால் அவன் மூடிக்கொண்டான் என்று யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் ஊரில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால், யாரோடு பறக்கச் சம்மதம் என்று வீரர்களே சீட்டில் பேர் எழுதிப் போடுவார்கள். டாக்டரிடம் ஒருவனைக் காட்டிக்கொடுத்தவன் பேரை அதற்கப்புறம் ஒருத்தனும் எழுதமாட்டான். காட்டிக்கொடுத்து இந்தத் தடவை பறந்தால், பறப்பது இந்த ஒரு தடவைதான். வாயை மூடினால் அடுத்த தடவை இருக்கிறது; அடுத்த குழுவில் அவனுக்குத்தான் முதல் இடம் என்று மேலதிகாரி ஏற்கனவே கைகொடுத்தே சொல்லியிருந்தார். கணக்குப் போட்டுத்தான், “ஒண்ணுமில்லம்மா” என்றான்.

க்ளேப் போனான். புகை அடங்கும்வரை ரோதியோன் அண்ணாந்து பார்த்தான். வெடித்துத் தொலையட்டும் என்று ஒரு நொடி நினைத்ததை அவன் நோன்னாவிடம்கூடச் சொன்னதில்லை.

மேலே போன க்ளேபுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது, காது வலித்தது. அவன் கரகரத்த குரலை வானொலியில் தரையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஆனாலும் எட்டு நாள் வேலையை முடித்துவிட்டு இறங்கினான். நட்சத்திரம் வந்தது, விருந்து வந்தது, ஊறுகாய் வெள்ளரியும் கான்யாக்கும் வந்தன. அதற்கப்புறம் விசாரணையும் வந்தது.

அடுத்த பட்டியலில் ரோதியோன் பேர் இல்லை. முதல் குழுவில் இல்லை, மாற்றுக் குழுவிலும் இல்லை. பயிற்சியாளர் வேலை கொடுத்திருந்தார்கள். மேலதிகாரி கண்ணைப் பார்க்காமல் சொன்னார்: “காய்ச்சல்னு தெரிஞ்சும் மறைச்சிருக்கே. உன்னை நம்பி எப்படி விண்கலத்தைக் கொடுக்கிறது?”

“யார் சொன்னது?”

அவர் பட்டியலை மடித்து வைத்தார். காய்ச்சல் விஷயம் ரோதியோனுக்குத் தெரியும் என்பது க்ளேப் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ரோதியோன் மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினான். க்ளேப் வீட்டுச் செருப்போடு வந்து நின்றான்.

“நீயா சொன்னே?”

“முன்னாடியே யாருக்காவது தெரியுமான்னு கேட்டாங்கடா. மேலேருந்து பூமியைப் பார்த்துட்டு வந்த பிறகு பொய் சொல்ல வரலை. ரோதியோனுக்குத் தெரியும்னேன். நண்பனுக்காக வாய்ப்பையே விட்டான்னு உன்னைப் பாராட்டுவாங்கன்னு நினைச்சேன்.”

“உன்னை என்ன பண்ணாங்க?”

“கண்டிச்சாங்க.” க்ளேப் தரையைப் பார்த்தான். “அடுத்த தடவை கவனமா இருக்கச் சொன்னாங்க.”

அடிக்கத்தான் போயிருந்தான். கை எழும்பவில்லை. எதிரே நின்ற முகத்தில் கள்ளம் இல்லை, நிஜமான வருத்தம் இருந்தது. ரோதியோனால் தாங்க முடியாமல் போனது அதைத்தான். நட்சத்திரத்தை க்ளேப் வைத்துக்கொள்ளட்டும், பேரை வைத்துக்கொள்ளட்டும். இப்போது நல்லவனாகவும் அவனேதான் இருந்தான்.

“உனக்கு அடுத்த தடவை இருக்குல்ல” என்று சொல்லிவிட்டு ரோதியோன் கீழே இறங்கினான்.