மரகதம் கரைத்த மஞ்சள்

செவ்வாய்க்கிழமை காலை கடையில் ரோஸ் கிரீம் கலக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. மரகதத்தின் மகன். "அம்மா போயிட்டாங்க" என்றான். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நான்கு நாளாக இருந்தார். ஞாயிறன்று பார்க்கப் போனபோதுகூட, "இந்தப் பேண்டுக்கு இந்தச் சட்டையா அண்ணே?" என்று கேட்ட மனுஷி. கிண்ணத்தைக் கீழே வைத்தேன். ரோஸ் தூக்கலாகிவிட்டிருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

முதலியார்பேட்டையில் எங்கள் கடையில் கேக் வாங்கிய எல்லோருக்கும் மரகதத்தைத் தெரியும். பெட்டியின் மேல் இருந்தது என் பெயர். நீங்கள் வாய்நிறையப் பாராட்டியதோ அவருடைய கண்ணை. நான் முன்கோபி, வறட்டுக் கௌரவக்காரன். அவர் இருந்தபோது இதை ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் முதலில் வந்தது மகனுக்குப் பிறந்தநாள் கேக் வாங்க. ரவிக்கைத் துணி விற்கும் மேட்சிங் சென்டரில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர். ரோஸ், பச்சை, நீலம், மஞ்சள், ஊதா என்று நான் அள்ளிப் பூசியிருந்ததைப் பார்த்து, "அண்ணே, இது கேக்கா, எங்க கடை ஷோகேஸா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாங்குவதானால் வாங்குங்கள், இல்லாவிட்டால் நடையைக் கட்டுங்கள் என்றேன். அவர் அசையவில்லை.

"ஒரு நிறம் புடவை, ஒரு நிறம் ஜாக்கெட், மூணாவது வெறும் பொட்டு. பொட்டு பெருசாயிட்டா மூஞ்சி போச்சு" என்று சொல்லி, கரண்டியைக் கேட்டு வாங்கி, தன் கேக்கில் இருந்த மூன்று நிறங்களை வழித்தெடுத்தார். அடியில் இருந்த சந்தன நிறத்தின்மேல் இளம்பச்சைக் கொடியும் ஒரே ஒரு ரோஸ் நிறப் பூவும் மிஞ்சின. கடையில் நின்ற இன்னொரு அம்மாள், "எனக்கும் இதே மாதிரி வேணும்" என்றார். மில் மூடி மரகதத்தின் கணவர் வீட்டில் இருந்த சமயம் அது. அடுத்த மாதமே வேலைக்குக் கூப்பிட்டேன். கெஞ்சினேன் என்பதே சரி.

ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அன்னிக்கு என்ன புடவை கட்டப்போறீங்க?" அடுத்தது, "மண்டபத்துல டியூப் லைட்டா, மஞ்ச பல்பா?" ஜூலை பதினாலு பிரெஞ்சு தேசிய நாளுக்கு மூவண்ணக் கேக் கேட்ட பிரெஞ்சு பென்ஷன்காரரிடமே, "நீலத்தக் கொஞ்சம் கொறச்சுக்கலாங்க, நாக்கெல்லாம் நீலமாயிடும்" என்று பேசிச் சம்மதிக்க வைத்தார். நிறம் கலந்ததும் கத்தி முனையில் எடுத்துக்கொண்டு நடுத்தெருவுக்குப் போய்விடுவார். துணிக்கடைப் பழக்கம். வெயிலில் பார்க்காமல் எந்த நிறத்தையும் நம்பமாட்டார். லாரிக்காரன் ஹாரன் அடித்தாலும் நகரமாட்டார்.

என் மகள் ரோஸ்லின் கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நாங்கள் கிறிஸ்தவர்கள்; எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கேக் வெள்ளைதான். என் அம்மாவுக்கும் வெள்ளை, எனக்கும் வெள்ளை. மூன்றடுக்கு செய்து வைத்திருந்தேன். முதல்நாள் கடைக்கு வந்த சம்பந்தியம்மா தனலட்சுமி அதைப் பார்த்ததும் முகம் மாறினார். கணவரை இளம்வயதிலேயே பறிகொடுத்தவர். "அந்த வெள்ளைய நான் கட்டினது போதாதா? எம்புள்ள கல்யாணத்துலயும் அதையே வெக்கணுமா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "எங்க வழக்கம் இதுதாங்க" என்று வெட்டிவிட்டேன். ரிசப்ஷனுக்கு வரமாட்டேன் என்று அவர் போய்விட்டார். ரோஸ்லின் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

ஆத்திரத்தில் ஐந்து நிறத்தையும் கரைத்துக் கேக்மேல் பூச ஆரம்பித்தேன். மரகதம் என் கையைப் பிடித்தார். கோபம் வந்தால்தான் அவர் அண்ணனை விட்டுவிட்டு, ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் சொல்வதுபோல், என்னை முசே என்பார். "முசே, பொண்ணு வாழ்க்கையில உங்க கோவத்தப் பூசாதீங்க" என்றார். எல்லாவற்றையும் வழித்துவிட்டு மறுபடி வெள்ளையே பூசினார். "வெள்ளையேவா?" என்று கத்தினேன். "வெள்ளையேதான். பொட்டு நாளைக்கு" என்றார். அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சளைக் கரைக்க உட்கார்ந்தார். மூன்று தடவை தெருவுக்குப் போனார். "இது எலுமிச்சம்பழம், மஞ்சள் இல்ல" என்று திரும்பி வந்து சிவப்பை ஊசிமுனையளவு சேர்த்தார்.

மறுநாள் மாலை, மகனுக்காக மனம் இறங்கித் தனலட்சுமி அம்மா மண்டபத்துக்கு வந்தார். வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மரகதம் போய்க் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துவந்து, அந்தச் சின்னக் கிண்ணத்தை நீட்டினார்.

"புதுத்துணின்னா மூலையில மஞ்ச தடவித்தான கட்டுவோம்? இதுவும் புதுசுதாம்மா. நீங்களே வெச்சிடுங்க."

"நானா? நான் வெக்கலாமா?"

"பெத்தவங்க வெக்காம வேற யாரு வெப்பாங்க?"

மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கிண்ணத்தில் விரலைத் தொட்டார். கேக்கின் மூலையில் ஒரு துளி மஞ்சள் வைத்தார். அவ்வளவு வெள்ளையும் அந்த ஒரு துளியில் மங்கலமாகிவிட்டது. ரோஸ்லின் வெள்ளை கவுனோடு மாமியாரைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. மரகதம் மட்டும் டியூப் லைட்டை அண்ணாந்து பார்த்து, "இந்த வெளிச்சத்துக்கு இன்னும் கொஞ்சம் தூக்கலா இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தார்.

போட்டோவைப் பார்த்தவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ரெட்டியார்பாளையத்தில் ஒரு கல்யாணம், அப்புறம் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கிய பிள்ளைக்கு ஒரு புதுநன்மை விருந்து. பிறகு மற்ற கடைக்காரர்களும் வைக்கத் தொடங்கினார்கள். நான் சண்டைக்குக் கிளம்பினேன். "வெக்கட்டும் அண்ணே, நல்லதுதான" என்று மரகதம் தடுத்துவிட்டார்.

அடக்கம் முடிந்து நேற்றுதான் கடை திறந்தேன். இதுவரை பார்த்திராத ஓர் அம்மாள் பேத்தி கல்யாணத்துக்கு வெள்ளைக் கேக் கேட்டார். "மூலையில மஞ்சள் வெக்க மறந்துடாதீங்க முசே. காலங்காலமா நம்ம ஊரு வழக்கமாச்சே" என்றார். காலங்காலமாவா! ஆறு வருடம்கூட ஆகவில்லையே என்று வாய்வரை வந்துவிட்டது. யாரிடமும் விட்டுக்கொடுக்காத நான், "ஆமாம்மா, வழக்கந்தான்" என்றேன். சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்தது.

மரகதத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சின்னக் கிண்ணத்தையும் அவருடைய நடுத்தெருப் பழக்கத்தையும். நேற்றே மஞ்சளைக் கரைத்துக் கத்தி முனையில் எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனேன். எலுமிச்சம்பழமாக இருந்தது. உள்ளே வந்து சிவப்பு சேர்த்து மறுபடி போனேன். பின்னால் லாரி ஹாரன் அடித்தது. நான் நகரவில்லை.