நடு ஹாலில் ஒரு சிவப்பு நாற்காலி

யோங் பெங்கில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த வீடுகளிலேயே எங்கள் வீட்டு ஹால்தான் பார்க்கத் தகுந்தது. இதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். மற்ற வீடுகளில் அதே கண்ணாடி அலமாரி, அதே பிளாஸ்டிக் ரோஜா, அதே கல்யாணப் படம். எங்கள் ஹாலிலோ காதில்லாத மரக்குதிரை, கப்பலிலிருந்து கழற்றிய வட்ட ஜன்னல், கூவ மறந்து வெறுமனே எட்டிப் பார்க்கும் குயில் வைத்த கடிகாரம். அப்பா வீடு மாற்றும் லாரி ஓட்டினார். குடிபோகிறவர்கள் வேண்டாமென்று விட்டுப்போகும் சாமான்களில் எது யாருக்கும் விளங்கவில்லையோ, அதை எங்கள் வீட்டுக்கு ஏற்றி வந்துவிடுவார். சுவரில் ஆணி அடிக்கும்போது அவர் எவரிடமும் அபிப்பிராயம் கேட்டதில்லை. அம்மாவும் தடுத்ததில்லை. தீபாவளிக்குத் திரைச்சீலை புதிதாக இருக்க வேண்டும், அது மட்டும் அம்மாவின் இலாகா.

அந்த ஆண்டு தீபாவளிக்கு முந்தின வாரம் லாரியிலிருந்து இறங்கியது ஒரு முடிவெட்டும் நாற்காலி. சிவப்புத் தோல், வெள்ளைப் பீங்கான் கைப்பிடி, கால் வைக்க இரும்புப் பலகை. தள்ளிவிட்டால் சுற்றும். பக்கத்திலிருந்த நெம்புகோலை அமுக்க அமுக்க உயரும். அம்மாவைப் பெற்ற தாத்தா லாயாங் லாயாங் என்ற ஊரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு கட்டடத்துச் சொந்தக்காரரான சீனத் தவுக்கே கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அப்பா போய்க் கத்தி, கண்ணாடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாற்காலியை மட்டும் கொண்டுவந்தார்.

அம்மா அதன் கைப்பிடியைத் தடவிக்கொண்டே சற்று நேரம் நின்றார். பிறகு, பின்கட்டில் போட்டுவிடச் சொன்னார்.

"தீபாவளிக்கு அண்ணி வருவாங்க. இதப் பார்த்தா பேச்சு வரும்."

"வரட்டுமே. இது ஹால்லதான் இருக்கும்" என்றார் அப்பா.

வேறு வழியில்லாமல் அம்மா திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய நீலப்பூத் துணியால் நாற்காலியை மூடிவைத்தார். யாரோ போர்வைக்குள் ஒளிந்து விளையாடுவது போல அது நடு ஹாலில் உட்கார்ந்திருந்தது.

அம்மா அண்ணி என்றது ஜொகூர் பாருவிலிருந்த என் அத்தையை. அப்பாவுக்கு ஒரே அக்கா. அவர் வந்தாலே வீடு மணக்கும். அவரிடம் இரண்டு பழக்கங்களைக் கண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சமைத்த எதையும் வாயில் வைக்கமாட்டார், டின்னில் அடைத்த ஆரஞ்சுத் தண்ணீர்தான் குடிப்பார். அவர் ஹாலில் உட்கார்ந்திருக்கும் வரை அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டே இருப்பார். அத்தைக்கு ஆரஞ்சு உயிர் என்றும், அம்மாவுக்கு நிற்பது பிடிக்கும் என்றும் நினைத்திருந்தேன். அப்பா ஆண்டுதோறும் அத்தைக்காகவே அந்த டின்களை வாங்குவார். அந்த முறை வாங்கவில்லை. நான் ஞாபகப்படுத்தியபோது, இந்த வருஷம் காப்பி போதும் என்றுவிட்டார்.

தீபாவளியன்று அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து நான் துணியை உருவிப் போட்டுத் தொழில் தொடங்கினேன். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு. எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் வீட்டு முறுக்கோடு வந்து நின்றார்கள். நெம்புகோலில் ஏறிக் குதித்துக் குதித்து அவர்களை உயர்த்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாக்சிக்கும் அவர் மனைவி மாக்சிக்கும் விருந்துக்கு வந்தார்கள். பாக்சிக் அதிலேயே சாய்ந்து உட்கார்ந்து, தன் வீட்டு சோபாகூட இவ்வளவு சுகமில்லை என்று மலாயில் புகழ்ந்தார். பெரியவர் என்பதால் அவரிடம் முறுக்கு கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தார். பாக்சிக் மரியாதையாக எழுந்து இடம் விட்டார். நானும் என் பங்குக்கு உபசரித்தேன்.

"உட்காருங்க அத்தை. தாத்தா கடை நாற்காலி. உங்களுக்குச் சும்மாவே சுத்தி விடுறேன்."

அத்தை கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார்.

"ஏன் தம்பி, முடிவெட்டுற நாற்காலியக் கொண்டாந்து நடு வீட்டுலயா வைப்ப? இவ வீட்டுத் தொழில ஊருக்கே காட்டணுமா?"

"காட்டத்தான்க்கா வச்சிருக்கேன்."

மொழி புரியாத பாக்சிக்குக்கூட ஏதோ புரிந்துவிட்டது. கடிக்கப்போன முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டார்.

அம்மா காப்பித் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். துணி மூடாத நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவரோ தட்டை அப்பா கையில் கொடுத்தார், முந்தானையில் கையைத் துடைத்தார், நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரும்புப் பலகையில் இரண்டு காலையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"உட்காருங்க அண்ணி. காப்பி ஆறிடும்."

எனக்கு அப்போது மனதில் ஓடியது ஒன்றுதான். அம்மா முறுக்கு கொடுக்காமல் ஏறிவிட்டார். ஆனாலும் ஏறியவரை உயர்த்துவது என் வேலை. நெம்புகோலில் ஏறிக் குதித்தேன். அம்மா கொஞ்சம் உயர்ந்தார். மேலும் குதித்தேன். நின்றுகொண்டிருந்த அத்தையின் முகத்துக்கு நேராக அம்மாவின் முகம் வந்தது, பிறகு அதற்கும் மேலே போனது. போதும் என்று அம்மா சொல்லவே இல்லை.

அத்தை சுற்றிலும் பார்த்தார். பாக்சிக், மாக்சிக், முறுக்கோடு நின்ற பிள்ளைகள், தட்டோடு நின்ற தன் தம்பி. கடைசியில் சோபாவின் நுனியில் உட்கார்ந்து கோப்பையை எடுத்தார். ஒரு வாய் குடித்தார்.

"சீனி பத்தல" என்றார்.

"என்னங்க, அண்ணிக்குச் சீனி எடுத்துட்டு வாங்க" என்றார் அம்மா மேலேயிருந்து. அப்பா ஓடினார்.

அத்தை போன பிறகு நான் அம்மாவிடம் கூலி கேட்டேன். அவர் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. தலைசுற்றலாக இருக்குமோ என்றால், சுற்றியே விடாதபோது தலை எப்படிச் சுற்றும் என்று யோசித்தேன். அம்மா உள்ளே போய், விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த முறுக்கு டின்னை அப்படியே என் கையில் கொடுத்தார். ஒரு தடவை உயர்த்திவிட்டதற்கு ஒரு முழு டின்னா? அம்மாவுக்கு வியாபாரம் தெரியவில்லை என்றே முடிவு செய்தேன்.

அடுத்த தீபாவளிக்கு அந்த நம்பிக்கையில் நெம்புகோலுக்கு எண்ணெய்கூடப் போட்டு வைத்தேன். அத்தை வந்தார். காப்பியும் வந்தது. ஆனால் அம்மா சிவப்பு நாற்காலிப் பக்கமே வரவில்லை. சோபாவில், அத்தைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். இனிமேல் அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார். நல்ல வாடிக்கை கைவிட்டுப் போனதே என்று அன்று முழுவதும் எனக்கு ஒரே வருத்தம்.