விட்டுப் படித்த வரிகள்

ஓடைக்கரைத் தேவாலயத்தில் ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் விடுதலைப் பிரகடனத்தைச் சத்தமாக வாசிப்பது வழக்கம். வடக்குக்கும் தெற்குக்கும் போர் நடந்துகொண்டிருந்தபோது, அடிமைகளை விடுவிக்க அதிபர் கையெழுத்துப் போட்ட தாள் அது. வாசிப்பு முடிந்தால் பாட்டு, பாட்டு முடிந்தால் சாப்பாடு. வாசிக்கிறவர் கொஞ்சம் நீட்டி முழக்கினாலும் போதும், வெளியே கம்போக் குழம்பு ஆறுகிறதே என்று பின்வரிசையில் இருமத் தொடங்கிவிடுவார்கள். அதனால் நடுவில் வரும் மாவட்டப் பெயர்களை யாரும் வாசிப்பதில்லை. தாவி விடுவார்கள்.

அந்தத் தாவலுக்காகவே ஒருத்தி வருடம் தவறாமல் மூன்றாம் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் ஓடீலியா. ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்தவள். சலவைக் காரத்தில் ஊறி ஊறி விரல்கள் வெளிறிப்போயிருக்கும். வாசிப்பு முடிந்து பாட்டு தொடங்கியதும் எழுந்து போய்விடுவாள், ஒரு வாய் சாப்பிட மாட்டாள். தலைக்கனம் பிடித்தவள் என்றது ஊர். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகும்.

அவள் புருஷன் ஸெனோன் செத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அவன் பெயர் மட்டும் அசம்ப்ஷன் மாவட்டத்தில் சாகவில்லை. யாராவது முந்திக்கொண்டு ஓடினால் 'ஸெனோன் அவசரம்' என்பார்கள். விடுதலை வரும்வரை பொறுக்காமல் அனுமதிச் சீட்டில்லாமல் கிளம்பி அடிபட்டுச் செத்த கிறுக்கன், அதுதான் ஊர் வைத்திருந்த கதை. துவைத்த துணியை வீடு வீடாகக் கொடுக்கப் போகிறபோதெல்லாம் அந்தச் சொல் ஓடீலியாவின் காதில் விழும். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

நடந்தது இதுதான். இரண்டு பேரும் வெவ்வேறு கரும்புத் தோட்டத்து அடிமைகள். புருஷன் சனிக்கிழமை சாயங்காலம் எசமானிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பெண்டாட்டியின் குடிசைக்கு வந்து போக வேண்டும். சீட்டில்லாமல் பாதையில் அகப்பட்டால் சவுக்கடி. அந்தத் தாள் வெளிவந்த வருடம் ஜனவரியில், கோட்டைக்கு மரம் ஏற்றிப்போன, ஓடீலியாவின் தோட்டத்து ஆள் ஐசாயா மூச்சிரைக்க ஓடிவந்தான். குடிசை வாசலில் இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். பேச்சுச் சத்தத்தைச் சட்டி விழுங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை.

"பட்டாளத்து அதிகாரி பெரிய தாளைப் படிச்சார். இங்கிலீஷ்ல என்னென்னமோ சொன்னார். அப்புறம் பேரு பேரா வருது பாரு! செயின்ட் ஜேம்ஸ்னார், அசென்ஷன்னார், அசம்ப்ஷன்னார்! நம்ம மாவட்டம்டா! நாங்க போட்ட கூச்சல்ல அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல" என்றான் ஐசாயா.

பிரெஞ்சு தவிர வேறு பேச்சு அறியாத ஜனம். ஊர்ப்பெயர் ஒன்றுதான் புரிந்தது, அது போதுமானதாக இருந்தது. தங்கள் பெயரை அதிபர் ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார் என்று அழுதார்கள்.

அந்தச் சனிக்கிழமையும் ஸெனோன் கையில் சீட்டோடுதான் வந்தான்.

"இது இன்னும் எதுக்கு?"

"கெடக்கட்டுமே. பழகிப்போச்சு."

"பேரு ஏறின ஊர்க்காரனுக்குச் சீட்டு எதுக்குய்யா? அடுத்த வாரமும் இதைத் தூக்கிட்டு வந்தா கதவைத் திறக்க மாட்டேன். வாசல்லயே படுத்துக்கோ."

"சரி தாயே, திறக்காம மட்டும் இருந்துடாதே" என்று சிரித்தான்.

அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு, கரும்பு மறைவில் பதுங்காமல், நடுப்பாதையில் வந்தான். கங்காணி மடக்கிச் சீட்டு எங்கே என்று கேட்டிருக்கிறான். எங்கள் மாவட்டத்தின் பெயர் தாளில் இருக்கிறது, இனிச் சீட்டு வேண்டாம் என்று தொப்பியைக் கழற்றி மரியாதையாகவே சொல்லியிருக்கிறான் இவன். கங்காணி அவனைக் குடிசை வாசலுக்கே இழுத்துவந்து தூணில் கட்டினான். நகரத்துச் செய்தித்தாள் ஒன்றைக் கொண்டுவரச் செய்தான்.

"வாடி வெளியே. உன் புருஷனுக்குப் படிக்கத் தெரியாதாம். நான் படிச்சுக் காட்டறேன், நீயும் கேட்டுக்கோ."

அவளுக்குப் புரியவேண்டுமே என்று பிரெஞ்சிலேயே படித்தான் பாவி. விடுதலை எதிரி கையில் இருந்த இடங்களுக்கு மட்டும்தான், அதிபரின் பட்டாளம் ஏற்கெனவே பிடித்துவிட்ட மாவட்டங்களுக்கு அது கிடையாது என்று சொல்லத்தான் அந்தப் பெயர்களை எழுதியிருந்தார்கள். மாவட்டத்துக்கு ஓர் அடி. பட்டியல் நீளமானது. கடைசியில், இந்த இடங்கள் இப்படி ஒரு பிரகடனமே வெளிவராததுபோல் அப்படியே விடப்படும் என்ற வரியையும் படித்துவிட்டுத்தான் கட்டை அவிழ்த்தான்.

ஸெனோன் அவள் மடியில்தான் செத்தான். கதவைத் திறந்தியே, அது போதும் என்றான். அதைச் சொல்லாமலே செத்திருக்கலாம் என்று ஓடீலியாவுக்குப் பிறகு பல நாள் தோன்றியது. மறு வருடம் விடுதலை வேறொரு தாளில் வந்து சேர்ந்தது. அந்தத் தாளுக்கு ஊரில் விழா எதுவும் இல்லை.

இதை அவள் சொல்லாமல் இல்லை. சொன்னாள். ஐசாயா போரில் செத்துவிட்டான், பழைய ஆட்கள் திக்குக்கொருவராகப் போய்விட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். நம்மைக் கை தூக்கிவிட்ட மகராசன் நம்மை மட்டும் விட்டுவிட்டு எழுதுவாரா, உன் புருஷன் கிறுக்குக்கு அவரைக் குறை சொல்லாதே என்றார்கள். தாளே சொன்னால்தான் நம்புவார்கள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

முப்பது வருடம் கடந்து வந்த ஒரு புத்தாண்டில் வாசிப்பு அல்சீட் என்ற இளம் வாத்தியாரின் பொறுப்பு. முந்தின நாள் அவனுடைய சட்டைகளைக் கஞ்சி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு போனாள்.

"தம்பி, நாளைக்கு எதையும் விடாம படிப்பியா?"

"எதை அத்தை?"

"ஊர்ப் பேருங்களை."

அல்சீட் தரையைப் பார்த்தான். "போதகர் ஐயா வேணாம்னு சொல்லிட்டார் அத்தை. நல்ல நாள்ல நம்ம ஜனங்க மனசு நோகக்கூடாதுன்னார்."

"என் மனசு முப்பது வருஷமா நோகுதே, அதுக்கு நல்ல நாள் எது? அந்த மனுஷனைக் கிறுக்கன்னு சொல்றாங்க தம்பி. தொடப்பக்கட்டைக்கு இருக்கிற மரியாதை அவன் பேருக்கு இல்ல. நீ படிச்சாப் போதும். வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

சட்டைகளை வாங்கி மேசைமேல் வைத்தான். "படிக்கிறேன் அத்தை" என்றான்.

மறுநாள் சொன்னபடியே செய்தான். நல்ல பையன், அவன்மேல் குற்றமே இல்லை. வழக்கமாகத் தாவும் இடத்தில் தாவாமல், போதகர் தொண்டையைச் செருமியும் நிற்காமல், பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். ஓடீலியா முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செயின்ட் ஜேம்ஸ். அசென்ஷன். அசம்ப்ஷன்.

பின்வரிசையில் யாரோ ஒருவன் எழுந்து கை தட்டினான்.

"நம்ம மாவட்டம்!"

அவ்வளவுதான். தேவாலயமே எழுந்தது. கை தட்டுகிறார்கள், காலால் தரையை உதைக்கிறார்கள், தொப்பிகள் பறக்கின்றன. அல்சீட் கையை உயர்த்திப் பார்த்தான். நரம்பு புடைக்க அடுத்த வரியைக் கத்திப் படித்தான். அவன் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. போதகர் சமயம் பார்த்துப் பாட்டை எடுத்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த பெண் ஓடீலியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பாத்தியாக்கா! நம்ம ஊர் பேரு அந்தத் தாள்லயே இருக்கு! இத்தனை வருஷமா படிக்காமலே விட்டுட்டாங்களே, பாவிங்க!"

கதவு திறந்ததும் கூட்டம் சாப்பாட்டுக்கு நெருக்கியது. "மெதுவாப் போங்கப்பா! என்ன ஸெனோன் அவசரம்?" என்று ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

அல்சீட் தாளைச் சுருட்டிக்கொண்டு அவளிடம் வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"படிச்சேன் அத்தை. சத்தமாத்தான் படிச்சேன்."

"தெரியும் தம்பி" என்றாள் ஓடீலியா. "அன்னிக்குக் கோட்டையிலயும் சத்தமாத்தான் படிச்சாங்களாம்."