காளியம்மாளைக் கொத்திய கூஸ் வாத்து

1. தெற்குப் படித்துறை

மார்கழி மாதக் காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"டாக்டரம்மா, வாத்து ஒரு ஆளைக் கொத்தி விழத்தாட்டிருச்சு. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ராஜபாளையத்துல ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நீங்க செத்த வந்துட்டுப் போகணும்."

பேசியவர் செல்வராணி. தேவதானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரின் ஊராட்சித் தலைவர். நான் டாக்டர் இல்லை, கால்நடை ஆய்வாளர். ஆனால் ஊசி போடுகிற எல்லோரும் ஊரில் டாக்டர்தான். மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து, நாய்க்கு ரேபிஸ் ஊசி என்று பல வருடம் சுற்றியிருக்கிறேன். வாத்து செய்த குற்றத்துக்காக என்னை யாரும் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். கண்மாய் நிறைந்து கிடந்தது. தெற்குப் படித்துறையில் வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம். நாட்டு வாத்து அல்ல. நீளக் கழுத்தும் ஆரஞ்சு மூக்கும் உள்ள கூஸ் வாத்து. படியெல்லாம் எச்சம். கால் வைத்தால் வழுக்கியது.

வாத்துகள் வந்த கதையைச் செல்வராணி சொன்னார். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், பாம்பு அண்டாமல் இருக்கட்டும் என்று மாந்தோப்பில் சில ஜோடி வளர்த்தார். வயதானதும் தோப்பை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். வாங்கியவர் காட்டுப்பன்றிக்குப் பயந்து சுற்றிலும் கம்பிவேலி போட்டபோது வாத்துகள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டன. ஓடை வழியாக இறங்கிக் கண்மாய்க்கு வந்து பெருகிவிட்டன.

பேசிக்கொண்டிருக்கும்போதே பொன்னுச்சாமி வந்தார். விழுந்தது அவருடைய அம்மா காளியம்மாள். இராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த முகம்.

"ஊசி எதுவும் போட வேண்டாம் டாக்டரம்மா. நெல்லுப் பூச்சிக்கு வாங்குன குருணை மருந்து வீட்டுல கெடக்கு. சோத்துல பெசஞ்சு வச்சா ஒரு நாள்ல முடிஞ்சிரும்."

நான் சட்டத்தைச் சொன்னேன். வளர்ப்புப் பறவைக்கு விஷம் வைப்பது குற்றம். அந்தச் சோற்றைக் கண்மாய்க்கு வரும் காட்டுத் தாராவும் நீர்க்கோழியும் தின்றால் வனத்துறை வழக்கும் சேரும். ஆடு இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

"சட்டம் எங்கம்மா இடுப்ப ஒட்ட வச்சிருமா?" என்று கேட்டார்.

கொஞ்ச நாள் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

2. வேடிக்கை பார்ப்பதும் வேலைதான்

அதன் பிறகு வேலைக்குப் போகும் வழியில் தினமும் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினேன். முதலில் கடமைக்காகத்தான். இரண்டு மூன்று தடவை பார்த்ததும் எனக்கே ஆசை பிடித்துக்கொண்டது.

வாத்து மேய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? நாலு கடி புல், உடனே ஒரு தடவை கழுத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்ப்பது. மறுபடி நாலு கடி. புல் கழுத்துக்கு மேல் உயர்ந்திருக்கும் இடத்துக்கு அது போவதே இல்லை. நாயோ நரியோ வருவது தெரியாதல்லவா? மேற்குக் கரையில் ஆள் நடமாட்டமே கிடையாது; ஆனால் புல் இடுப்பளவு. தெற்குக் கரையில் ஊர் ஆடுகள் எல்லாம் கட்டிக் கிடந்து, புல்லை வழித்துவிட்ட மாதிரி வைத்திருந்தன. வாத்துக்கு அதைவிட நல்ல இடம் எது?

இரண்டாவது காரணம் சோறு. தெற்குப் படித்துறைக்கு எதிரே பஜனை மடம். மார்கழி முழுக்க விடியற்காலையில் பொங்கல் உண்டு. மிச்சத்தை அலமேலு டீச்சர் தூக்குவாளியில் கொண்டுவந்து படியில் கொட்டுவார். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றவர், தனியாக இருந்தார்.

"இதுகள வாத்துங்கறாங்க. எனக்கு அன்னம் மாதிரி இருக்கு. பெருமாள் ஏறி வர்ற வாகனம். பட்டினி போடலாமா?" என்றார்.

கூட்டத்தில் ஒரு இளம் வாத்துக்கு இரண்டு இறக்கை நுனியும் வெளிப்பக்கம் முறுக்கிக்கொண்டு நின்றன. அதை அவருக்குக் காட்டினேன். "டீச்சர், புல் தின்ன வேண்டிய குஞ்சு சோத்தையே தின்னு வளர்ந்தா இறக்கை இப்படித் திரும்பிரும். இனி இத நேராக்க முடியாது."

வாளியைக் கீழே வைத்தார். "நான் போட்டதாலயா?"

"ஆமா" என்றேன். வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மறுநாளிலிருந்து வாளி வரவில்லை.

எனக்குப் புரியாதது ஒன்றுதான் பாக்கி. படித்துறை ஓரத்துக் கோரைக்குள் ஒரு பெட்டை அடைகாத்தது. ஆண் அதற்குக் காவல் நின்றது. கூட்டுக்கு ஐந்தாறு அடி தள்ளித்தான் பெண்கள் துணி துவைத்தார்கள். அவர்களைப் பார்த்து ஆண் கழுத்தை நீட்டிச் சீறும், அவ்வளவுதான். ஒருத்தரையும் தொடவில்லை. அப்படியானால் காளியம்மாளை மட்டும் ஏன் துரத்தித் துரத்திக் கொத்தியது?

துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன்.

"தெரியல டாக்டரம்மா. அவிய வந்தாலே அதுக்கு ஆகாது. தூரத்துல தலை தெரிஞ்சதுமே கத்த ஆரம்பிச்சிரும்."

3. கட்டிலோரம்

அந்தக் கேள்வியோடு ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனது மரியாதைக்கு. உண்மையில் போனது ஆவலில்.

காளியம்மாள் அறுபது தாண்டியவர். விழுவதற்கு முந்தின வாரம்வரை களையெடுக்கப் போனவர். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். பொன்னுச்சாமி டீ வாங்கக் கீழே போன நேரம் பார்த்துக் கேட்டேன்.

"ஏம்மா, அந்த வாத்துக்கும் உங்களுக்கும் என்ன பகை?"

வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"முட்டை எடுத்தேன் தாயி."

"எத்தன நாளா?"

"போன வருசம் இருந்தே. ஒரு முட்டை எம்புட்டு இருக்கும் தெரியுமா? ஒண்ணு ஊத்துனா மூணு பேருக்குக் காணும். அவனுந்தான் தின்னான். ஆம்லெட்டு ஏன் இம்புட்டுப் பெருசா இருக்குன்னு ஒரு நாளும் கேக்கலயே!"

எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்டச் சொல்லிராத. ஆபரேசனுக்கு எப்படி அலஞ்சான் தெரியுமா? ஊரெல்லாம் எனக்காகச் சண்டை போட்டுக்கிட்டு நிக்கான். இப்பப் போயி முட்டை எடுக்கப் போயித்தான் விழுந்தேன்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்ல?"

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். "ஆனா உங்க மகன் அதுகளுக்கு மருந்து வைக்கணும்னு நிக்காரு. அத மட்டும் யோசிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். படியிறங்கும்போது பொன்னுச்சாமி எதிரே வந்தார். எனக்கும் ஒரு டீ வாங்கி வந்திருந்தார். அதை அவர் முகத்தைப் பார்க்காமல் குடித்து முடித்தேன்.

அந்த வாரமே ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டார் செல்வராணி. முன்கூட்டியே பழைய உரிமையாளரின் மகளிடம் போனில் பேசியிருந்தார். வாத்துகளை ஊராட்சி என்ன செய்தாலும் சம்மதம், கொல்ல மட்டும் வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்னாராம். என் மேலதிகாரியான டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்த திட்டத்தை நான் சொன்னேன். ஆடுகளை மேற்குக் கரைக்கு மாற்றுவது, தெற்கே புல்லை வளரவிடுவது, படித்துறைக்கு முழங்கால் உயர வலை, புதிய முட்டைகள் பொரிக்காமல் பார்த்துக்கொள்வது, வேண்டும் என்கிற தோப்புக்காரர்களுக்கு ஜோடி ஜோடியாகக் கொடுப்பது.

பொன்னுச்சாமி எழுந்தார். "எல்லாஞ் சரி. ஊர்ல அம்புட்டுப் பேர் போறாக, வாராக. எங்கம்மாவ மட்டும் எதுக்கு அது கொத்தணும்? அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. வெறி புடிச்ச வாத்துதான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது.

"வெறி கிடையாது. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றேன்.

"அப்ப நான் என் வழியப் பாத்துக்கிடுதேன்" என்று அவர் வெளியேறினார். செல்வராணி என் பக்கம் குனிந்து, "மருந்து வச்சிருவாரோ?" என்றார். எனக்கும் அதே பயம்தான். கொடுத்த வாக்கு சரியா தப்பா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

4. வாளித் தண்ணீர்

மறுநாள் காலை கண்மாய்க் கரையில் பொன்னுச்சாமி நின்றுகொண்டிருந்தார். கையில் வாளி. வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அருகே போய்ப் பார்த்தால் வாளி காலி.

"அம்மா சொல்லிட்டா" என்றார். வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நானும் தின்னுருக்கேன். கோழி முட்டைன்னு நெனச்சு" என்றார்.

வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"முட்டைக்கு என்னமோ செய்யணும்னீகளே, ஆள் வேணும்ல. சொல்லுங்க, செய்வோம்."

டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். அடையிலிருக்கும் முட்டையைத் தண்ணீரில் விட வேண்டும். அடியில் படுத்துக்கொண்டால் உள்ளே இன்னும் உயிர் வளரவில்லை. அதை ஈரம் போகத் துடைத்து, மேலே சமையல் எண்ணெயைப் பூசி, கூட்டிலேயே வைத்துவிடலாம். ஓட்டுத் துவாரம் அடைபட்டு முட்டை பொரிக்காது. பெட்டை அதையே நம்பி அடைகாக்கும். வேறு முட்டை இடாது. எடுத்துக்கொண்டு போனால்தான் மறுபடி மறுபடி இடும். ஆனால் தண்ணீரில் மிதந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. அதைத் தொடக் கூடாது.

பொன்னுச்சாமி குடையை விரித்துக் கேடயம் மாதிரி பிடித்து ஆண் வாத்தைத் தடுத்தார். அது குடையைப் பொத்தலாக்கியது. கரையோரம் இருந்த கூடுகளை எல்லாம் பார்த்தோம். பெரும்பாலானவை மூழ்கின; எண்ணெய் பூசினோம். கடைசியாகப் படித்துறையோரக் கூடு. நான் குடையை வாங்கிக்கொள்ள, அவர் முட்டையை எடுத்து வாளியில் விட்டார்.

மிதந்தது. மிதந்ததோடு நிற்காமல், யாரும் தொடாமல் தானாகவே ஒரு பக்கம் அசைந்தது.

"காத்தா?" என்றார்.

"காத்து எங்க அடிக்குது?"

முட்டையை எடுத்துத் துடைத்துக் காதோரம் வைத்தார். அவர் முகம் மாறியது. "தட்டுது டாக்டரம்மா. உள்ள இருந்து தட்டுது." என்னிடமும் நீட்டினார். நகத்தால் பலகையைச் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம். இத்தனை வருடப் பணியில் நானும் அதை அன்றுதான் கேட்டேன்.

அந்தக் கூட்டிலிருந்த மற்ற முட்டைகளை வாளியில் விடவே வேண்டாம் என்றார். கையிலிருந்ததைத் திரும்ப வைத்துவிட்டு, பெட்டை பிடுங்கிப் போட்ட இறகுப் பஞ்சை எடுத்து மேலே மூடினார். அதற்குள் ஆண் என்னைத் தாண்டிப் போய் அவர் முழங்காலில் ஒன்று போட்டது. "ஏலே, வச்சுட்டுத்தானலே போறேன்!" என்று கத்திக்கொண்டே படியேறினார்.

5. ஊர்வலம்

தை பிறந்து குஞ்சுகள் கொஞ்சம் தேறியதும் வாத்துகளை மாற்றினோம். காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோகிற வேலையே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கறிக்குக் கேட்டு வந்தவர்களைச் செல்வராணி அனுப்பிவிட்டார். மீன் வலையை இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பிடித்துக்கொண்டு, ஆடு ஓட்டுவது போல மெதுவாகக் கரையோடு நடத்தினோம். காற்றுப் போகிற கூடைகளில் ஜோடி பிரியாமல் ஏற்றி, தளவாய்புரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கும் செட்டியார்பட்டியில் ஒரு கோழிப் பண்ணைக்கும் அனுப்பினோம். இறக்கை திரும்பிய வாத்தை அலமேலு டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். "சோறு போடமாட்டேன். தோட்டத்துல புல் இருக்கு" என்றார்.

படித்துறையோரக் கூட்டுக் குடும்பம் மட்டும் கண்மாயில் தங்கியது. மேற்குக் கரையில் ஆடு மேய்ந்து புல் குறையக் குறைய, அது தானாகவே அங்கே குடிபோனது. தெற்குப் படியைக் கழுவிவிட்டார்கள். இப்போது வழுக்குவதில்லை.

வெயில் காலத் தொடக்கத்தில் காளியம்மாள் வாக்கரைத் தள்ளிக்கொண்டு படித்துறை வரை நடந்து வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். கண்மாயின் அந்தக் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஆண் வாத்து கழுத்தைத் தூக்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரே கத்தல்.

"இன்னும் என்னைய மறக்கல பாரேன்" என்றார். "எத்தன குஞ்சு பொரிச்சுச்சு?"

"நாலும்மா."

"நாலா!" வாக்கரை அந்தப் பக்கமாகத் திருப்பினார். பிறகு அதற்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்: "இனிமே வரமாட்டேன். நீயும் வராத."

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பிராணி மேல் புகார் வந்தால், அது என்ன செய்தது என்று கேட்டுக்கொண்டு நின்றுவிடாதீர்கள். அதற்கு முந்தின நிமிஷம் அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவரிடமிருந்து பதில் வந்துவிட்டால், அதை ஊருக்குச் சொல்லும் உரிமையை அவரிடமே விட்டுவிடுங்கள்.