தார்சுக்கு வெள்ளையடித்த கோடை

கிளிஞ்சல் சுண்ணாம்பில் தண்ணீர் விழுந்ததும் எழும் "சுர்ர்" சத்தமும், தொண்டையைப் பிடிக்கும் அதன் சூட்டு வாசனையும் என் நினைவில் எப்போதும் பங்குனி மாதத்தோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன.

எங்கள் ஊர் கீரனூருக்குப் பக்கம். எனக்கு எட்டு வயதானபோது, துபாயில் வேலை பார்த்த அப்பாவின் சம்பாத்தியத்தில் எங்களுக்குத் "தார்சு" வீடு எழும்பியது; காங்கிரீட்டில் தட்டையாகக் கூரை போட்ட வீட்டை அப்படித்தான் சொல்வோம். "ஒழுகுற ஓட்டு வீட்டுல பொறந்தவன் நான், எம்புள்ளைகளாச்சும் தார்சுல தூங்கட்டும்" என்று போனில் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனால் அந்த மாசியில் பிறந்த தம்பி தார்சில் தூங்கவில்லை. பகல் பதினொரு மணிக்கு மேல் கூரை காய்ந்து, மின்விசிறி சுழலச் சுழலச் சூடுதான் இறங்கும். அவன் கழுத்து முழுக்க வேர்க்குரு, ஓயாத அழுகை. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஓட்டு வீட்டுக்கு, அப்பாவின் அக்காவான என் அத்தையிடம் போவாள். அங்கே ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடுவான். அத்தை இடம் கொடுப்பாள், வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டாள்.

"கோட்டையாட்டம் கட்டிப்புட்டு எங்க ஓட்டுக்குக் கீழ வந்து படுக்குறீகளே மல்லிகா! எந்தம்பிய வாரப்ப நாலு ஓடு வாங்கியாரச் சொல்லு."

அம்மா சிரித்துவைப்பாள், வீட்டுக்குள் வந்ததும் முகம் மாறிவிடும். இதை அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்நிய நாட்டு வெயிலில் நின்று கட்டிய வீட்டில் அவர் மகன் தூங்குவதில்லை என்பதை எப்படிச் சொல்வது?

வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்று அறிவியல் பாடத்தை நான் சத்தமாகப் படித்ததுதான் தொடக்கம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கே தோன்றியதோ என்னவோ, இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, பிடிப்புக்கு வடிகஞ்சி கலந்தாள். தம்பி அத்தை வீட்டில் தூங்கும் உச்சிப்பொழுதுதான் அவளுக்குக் கிடைத்த நேரம் என்பதால், கொதிக்கும் மொட்டை மாடியில், தரையை நனைக்காமலேயே, துடைப்பத்தால் இழுத்துப் பூசினாள். பட்டதும் காய்ந்தது. மறுநாள் அடித்த காற்றில் அத்தனையும் மாவாகக் கிளம்பி, அத்தை வாசலில் காயப்போட்டிருந்த மிளகாய் மேல் இறங்கியது.

"அடியே மல்லிகா, எம் மொளகாய்க்குமா வெள்ளையடிச்ச?"

தெருவே சிரித்தது. அம்மா அழுதுவிட்டாள். அத்தைக்கு அதுதான் தாங்கவில்லை. முழங்கால் வலியோடு படியேறி வந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தோசைக்கல்லா காஞ்சு கெடக்கு, இதுல ஒட்டுமா? விடியக்காலம் தண்ணியடிச்சு நனைச்சுட்டுப் பூசுவோம். நானும் வாரேன். புள்ளைய இவ பாத்துக்குவா."

"இவ" நான்தான். இரண்டு விடியற்காலைகள், மாடிப்படியின் அடியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, மேலே இரண்டு துடைப்பங்கள் மாறி மாறி உரசுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் நண்பகல் தம்பியை எங்கள் வீட்டுக் கூடத்திலேயே கிடத்தினோம். சிணுங்கினான், நெளிந்தான், கையைச் சப்பினான். நாங்கள் மூவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணயர்ந்தான்.

"தூங்கிட்டான் மதினி" என்றாள் அம்மா.

"தூங்கட்டும், தூங்கட்டும். நாளையிலருந்து எம் வீடுதான் வெறிச்சுன்னு கெடக்கும்" என்று சொல்லிவிட்டு, அத்தை சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனாள்.

இப்போது புதுக்கோட்டையில் எங்கள் வீட்டுக் கூரைக்கு, டப்பாவில் வரும் வெள்ளைப் பெயிண்ட்டை ஆள்வைத்து அடித்திருக்கிறோம். ஏசி ஓடும் நேரம் குறைந்திருக்கிறது, கரண்ட் பில்லும்தான். ஆனாலும் மகள் தூங்கும்போது நெற்றியை, உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இந்தக் குளிர்ச்சி போதுமா, அதிகமா என்று கேட்க, படியேறி வர யாருமில்லை.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தையும் இல்லை, அவள் ஓட்டு வீடும் இல்லை. எங்கள் தார்சின் மேல் தம்பி மாடி கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறான். நாங்கள் வெள்ளையடித்த மொட்டை மாடி இப்போது டைல்ஸ் பதித்த ஓர் அறையின் தரை. நின்று பார்க்க அங்கே வெயில்கூட இல்லை. படியேறி வாசலில் நின்ற என்னை, "உள்ள வாங்கக்கா" என்று குடியிருக்கும் பெண் கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால், வெறுந்தரையில், அவள் கைக்குழந்தை நல்ல தூக்கத்தில் இருந்தது. செருப்பைக் கழற்றப் போன நான் அப்படியே திரும்பி, சத்தம் கேட்காமல் படியிறங்கினேன்.