உப்புக் குவியலில் என் முகம்

மரக்காணம் பக்கத்துத் திருவிழாக்களில் ஒரு காலத்தில் என் பாட்டுக் கச்சேரிதான் பிரபலம். 2006-இல் ஒரு நண்பகல், உப்பளம் வழியாகப் போனபோது, ஒரு உப்புக் குவியல்மேலிருந்து நானே என்னைப் பார்த்துச் சிரித்தேன். என் கடைசிக் கச்சேரி பேனரை மழைக்குப் போர்த்தியிருந்தார்கள். எழுத்தெல்லாம் வெளுத்து, மீசைக்குச் சாயம் பூசிய முகம் மட்டும் மிச்சம். காற்று புகும்போதெல்லாம் அது மூச்சுவிட்டது.

"இது யாரும்மா?" என்று அங்கே வேலை செய்த இளம்பெண்ணைக் கேட்டேன்.

பேனரைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "தெரியலிங்க. யாரோ செத்துப்போனவரு. கண்ணீர் அஞ்சலி பேனரா இருக்கும்."

முகம் மறுபடி எழும்பியது. அவள் ஒரு மண்மூட்டையைத் தூக்கி அதன் வாய்மேல் வைத்தாள்.

'நான்தாம்மா அது' என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

இன்றும் விழித்ததும் மனைவியை ஒருமுறை கூப்பிடுவேன். "என்னாங்க?" என்று அவள் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பேன்.