மேடம் உட்காரும் இடம்

அன்னவாசலில் போய் செம்மல் வீடு எது என்று கேட்டால், எந்தச் செம்மல் என்று திருப்பிக் கேட்பார்கள். கப்பல்காரர் வீடு என்று சொல்லிப் பாருங்கள், வழி சொல்வதோடு நிற்காமல் வாசல்வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறிப் போகவேண்டிய ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் தன் நிலக்கடலைக் கொல்லையில் முப்பத்து நாலடி உல்லாசப் படகைக் கொண்டுவந்து இறக்கினால் பட்டப்பெயர் வராமல் என்ன செய்யும்?

செம்மல் துபாயில் பதினெட்டு வருஷம் படகில் வேலை பார்த்தவர். மீன்பிடி படகு இல்லை. பணக்காரக் குடும்பங்கள் விடுமுறை நாளில் ஏறி, கடலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிப் போகும் மோட்டார் படகு. டீசல் மெக்கானிக்காகப் போனவர், போன இடத்தில் எல்லா வேலையும் பழகிக்கொண்டார். எஞ்சின் பார்த்தார், கைப்பிடிக் கம்பிகளைக் கண்ணாடியாகத் துடைத்தார், முதலாளியம்மா ஏறும்போது கை கொடுத்தார், தட்டில் ஜூஸ் ஏந்தி நின்றார். முதலாளி வீட்டார் உட்காரும் சோபாவில் வேலையாட்கள் உட்காரக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். படகில் யாருமே இல்லாத நாளில்கூட செம்மல் அதில் உட்கார்ந்ததில்லை. எஞ்சின் மூடியின்மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவார், அங்கிருந்துதான் வீட்டுக்குப் போன் பேசுவார்.

வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்த பிறகுதான் சங்கடம் ஆரம்பித்தது. வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. மனைவி பிரகதீஸ்வரி, எல்லோருக்கும் ஈஸ்வரி, அவர் இல்லாத காலத்தில் குடும்பத்தை ஒற்றைக் கையால் இழுத்துப் பழகியிருந்தாள். போர் மோட்டார் மக்கர் பண்ணினால் அவளே பார்ப்பாள். டிவிஎஸ் எக்ஸெல்லில் உரமூட்டையை முன்னால் வைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக ஓட்டுவாள். மகள் ஹரிணியைப் படிக்க வைத்து, கோயம்புத்தூரில் வேலைக்கும் அனுப்பிவிட்டாள். செம்மல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் போதும், "நீங்க இருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கிவிடுவாள். மரியாதையாகத்தான் சொல்வாள். அந்த மரியாதைதான் அவரைக் கொன்றது. சொந்த வீட்டில் மனிதர் விருந்தாளியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

போதாக்குறைக்கு ஆனந்தராஜ் வேறு. துபாயில் இவருக்கு மேலாளராக இருந்த தூத்துக்குடிக்காரர். "ஒன் எடம் காலியாத்தான் கெடக்கு செம்மல், வந்துரு" என்று வாராவாரம் போன் செய்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கொச்சிப் பக்கம் ஒரு பழைய உல்லாசப் படகு கேட்பாரில்லாமல் கிடப்பதாகச் செய்தி வந்தது. செம்மல் போய்ப் பார்த்தார். மேல்தட்டில் அரசங்கன்று முளைத்திருந்தது. உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இரண்டு எஞ்சினில் ஒன்று இறுகிப்போய்க் கிடந்தது. ஆனால் அடிப்பாகம் முழுக்க ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தவருக்கு உடம்பு கெடவில்லை என்று தெரிந்துவிட்டது. அங்கேயே முடிவு செய்தார். இதைச் சரிசெய்து ஈஸ்வரியை ஏற்றிக்கொண்டு கோட்டைப்பட்டினத்தில் இருந்து கட்டுமாவடிக்குக் கரையோரமாக ஒரு பயணம். பிடித்திருந்தால் அடுத்தது ராமேஸ்வரம், அதற்கடுத்து தூத்துக்குடி என்று வருஷம் பூராவும் சுற்றலாம். வீட்டில் அவளுக்குப் பக்கத்தில் கிடைக்காத இடம் கடலில் கிடைக்கும் என்று அந்த மனிதர் மனதார நம்பினார். கிடைக்காவிட்டால் ஆனந்தராஜிடம் சரி என்று சொல்லிவிடுவது. இதை ஈஸ்வரியிடமும் ஒளிக்கவில்லை.

"எனக்கு பஸ்ஸே ஆகாதுங்க. புதுக்கோட்டை போறதுக்குள்ள ரெண்டு எலுமிச்சம்பழம் மோந்து பாக்குறவ நான்" என்றாள் ஈஸ்வரி.

"பஸ்ஸு வேற, இது வேற. நீ வந்து உக்காந்து பாரு."

"போறதுன்னா துபாய்க்குப் போங்க. அதுக்கு எதுக்கு ஒரு கப்பல வாங்கி, அதுமேல பழியப் போடணும்?"

அவள் அப்படிச் சொன்னாளே தவிர, படகு வந்த அன்றைக்கு லாரிக்கு வழிவிட வேலிமுள்ளை வெட்டி ஒதுக்கியது அவள்தான். கிரேன் வைத்து இறக்கி, டயர்களை அடுக்கி, சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். ஊரே திரண்டு வந்துவிட்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் மலையாண்டி படகை ஒரு சுற்று சுற்றிவந்து, "என்ன மாப்ள, நம்ம கம்மாய்லயா எறக்கப் போறீங்க? அதுல ஆடுல்ல மேயுது" என்றார். செம்மல் சிரித்துக்கொண்டார். வேலையைக் கடற்கரையில் வைத்துக்கொண்டால் தங்கல், காவல் என்று ஆயிரம் தொல்லை. இங்கே சொந்த இடம், சொந்தச் சாப்பாடு.

பைபர் வேலைக்குக் கோட்டைப்பட்டினத்தில் இருந்து மரியசெல்வம் வந்து தங்கினான். படகுகளுக்கு ஒட்டுப்போடுவதில் கைதேர்ந்தவன், வாய் அதைவிடத் தேர்ந்தது. அடிப்பாகத்தில் அம்மைக் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்த இடங்களை எல்லாம் தேய்த்தெடுத்து, காயவைத்து, பிசின் பூசி, நார்த்துணி ஒட்டி, மறுபடி தேய்த்தார்கள். வெள்ளைத் தூசி பறந்து கடலைச்செடியெல்லாம் மாவு பூசிக்கொண்டது. ஈஸ்வரி சாயங்காலமானால் ஸ்பிரிங்ளரைத் திருப்பிவிட்டுச் செடிகளைக் கழுவினாள்.

இறுகிய எஞ்சினைச் செம்மல் பிரித்துப்போட்டார். டீசலை ஊற்றி ஊறவைத்து, தட்டிக் கெஞ்சி, பிஸ்டன்களை விடுவித்தார். ஓட்டிப் பார்க்கத் தண்ணீர் வேண்டும். இந்த எஞ்சின் கடல் தண்ணீரை இழுத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். கடலுக்கு எங்கே போவது? ஈஸ்வரி போர் மோட்டாரைப் போட்டுவிட்டு ஓஸை இழுத்துக்கொண்டு வந்தாள். "இங்கிட்டா விடணும்?" என்று கேட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயை அழுத்திப் பிடித்தாள். எஞ்சின் இரண்டு முறை இருமியது, கரும்புகை கக்கியது, பிறகு குடுகுடுவென்று பிடித்துக்கொண்டது. பின்பக்கக் குழாய்வழியே தண்ணீர் கடலைப் பாத்தியில் போய் விழுந்தது.

"நம்ம போர் தண்ணி கப்பலுக்குள்ள போயி வெளிய வருது, பாருங்க" என்று சத்தத்தை மீறிக் கத்தினாள். அப்படி அவள் முகம் மலர்ந்து பல நாளாயிற்று. செம்மல் எங்கே பார்த்தார்? அவர் கண்ணெல்லாம் சூடு காட்டும் முள்மேல் இருந்தது. படகில் அவளுக்கு என்ன பிடிக்கும் என்பதை அவள் ஓஸும் கையுமாக நின்று காட்டியும் கண்டுகொள்ளாத மனிதரை என்ன சொல்வது.

அவர் படகைத் துபாய் படகாகவே ஆக்கிக்கொண்டிருந்தார். பின்பக்கத் தட்டில் கடலைப் பார்த்தபடி சோபா. புதுக்கோட்டையில் கார் சீட் தைக்கும் கடையில் கொடுத்து வெள்ளை ரெக்ஸினில் தைத்து வாங்கினார். "வெள்ளையா? ஒரு நாள் தாங்காதேங்க" என்று ஈஸ்வரி சொன்னதற்கு, "அது அப்படித்தான் இருக்கணும்" என்றார். மேல்தட்டில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பேர் உட்காரும் பழைய பெஞ்ச் ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டு ஒற்றை நாற்காலி பொருத்தினார்.

"நல்லாத்தானண்ணே இருக்கு, எதுக்குக் கழட்டுறீங்க?" என்று மரியசெல்வம் கேட்டான்.

"கேப்டன் தனியாத்தான்டா உக்காருவாரு."

பதிவு, அனுமதி என்று அலைந்த கதை தனி. அதெல்லாம் முடிந்து, மறுபடி கிரேன், மறுபடி லாரி. கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஒரு காலைப்பொழுதில் படகு தண்ணீரைத் தொட்டது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மீன்பிடி படகுகளுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று அது மிதந்ததைப் பார்த்தபோது செம்மலுக்குக் கண் கலங்கிவிட்டது. வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ஆனந்தராஜ் முடிவாகச் சொல்லியிருந்தார். மாலைக்குள் எல்லாம் தெரிந்துவிடும் என்று செம்மல் நினைத்துக்கொண்டார்.

ஈஸ்வரி பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, முந்தானையில் இரண்டு எலுமிச்சம்பழங்களை முடிந்துகொண்டு வந்திருந்தாள். செம்மல் வெள்ளைச் சட்டை போட்டு, வலதுகையை நீட்டி அவளை ஏற்றினார். செருப்பை வாங்கி ஒரு கூடையில் வைத்தார். சோபாவில் உட்காரவைத்து, ஐஸ்பெட்டியில் சுருட்டி வைத்திருந்த குளிர்ந்த துண்டைக் கொடுத்தார். தட்டில் இளநீர் வந்தது. துணைக்குக் கூடவே வந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த மரியசெல்வம் இதையெல்லாம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு முன்பக்கம் போய்விட்டான். செம்மல் மேலேறிப்போய் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து படகை எடுத்தார்.

கடல் அன்று குளம் மாதிரிதான் கிடந்தது. ஆனாலும் படகு படகுதானே. லேசாக இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு போனது. கீழே ஈஸ்வரி தனியாக, கரை பின்னால் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச ஆளில்லை, பிடிக்க வேலையில்லை. முதல் எலுமிச்சம்பழம் தீர்ந்தது, இரண்டாவதும் தீர்ந்தது. வழியிலுள்ள மணமேல்குடி நெருங்கும் முன்பே வெள்ளை சோபா நாசமாகிவிட்டது.

மரியசெல்வத்தின் சத்தம் கேட்டு செம்மல் எஞ்சினைத் தணித்துவிட்டுக் கீழே ஓடிவந்தார். வந்தவர், பதினெட்டு வருஷப் பழக்கம், அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. துணியை எடுத்தார், மண்டியிட்டார், சோபாவைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாரி மேடம்."

ஈஸ்வரி வாயைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"யாருங்க மேடம்?"

செம்மலுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க, அங்க நீங்க யாரோ ஒரு அம்மாவுக்கு இப்படித்தான் மண்டி போட்டுத் தொடச்சீங்களா, இத்தன வருஷமும்?" அவள் குரல் உடைந்தது. "ஒரு தடவகூட எங்கிட்ட சொல்லலையே."

"சொல்ற மாதிரியா இருந்துச்சு? அதான் நீயாச்சும் ஒரு நா இந்த மாதிரி உக்காரணும்னு..."

"நான் கேட்டனா? பதினெட்டு வருஷம் நீங்க அங்கிட்டு, நான் இங்கிட்டு. இப்ப ஒரே படகுல வந்தும் நீங்க மேல, நான் கீழ. இதுக்கு எனக்கு எதுக்குங்க கப்பலு?"

செம்மல் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஐம்பது வயது மனிதர், நடுக்கடலில், மரியசெல்வம் பார்க்கிறானே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதார். அவன் நல்லவன், கரையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

துணியை ஓரமாகப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "வீட்லயும் நீ என்னய அப்படித்தான் வச்சிருக்க ஈஸ்வரி. எதத் தொட்டாலும் நீங்க இருங்க, நீங்க இருங்கன்னு."

ஈஸ்வரி இதை எதிர்பார்க்கவில்லை. கடலைப் பார்த்தாள். "வந்திருக்கவர வேல வாங்கக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றாள் மெதுவாக. "நானும் ஒங்களுக்குத் துண்டு சுருட்டித்தான் குடுத்திருக்கேன் போல."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, திருப்பிறவா? இன்னமும் மயக்கமா இருக்கும் ஒனக்கு" என்றார் செம்மல்.

"பஸ்ஸுலதான எனக்கு ஆகாது. டிவிஎஸ்ல அன்னவாசலுக்கும் இலுப்பூருக்கும் நாயா அலையிறேன், ஒரு நாளாவது தல சுத்தியிருக்கா? உக்காந்து வாரவளுக்குத்தான் வரும். ஓட்டுறவளுக்கு வராது." எழுந்து பட்டுச்சேலையை இடுப்பில் செருகினாள். "நகருங்க."

மேலே ஏறி நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். செம்மல் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தார். முதலில் படகு புளித்த கள் குடித்தவன் மாதிரி கோணல்மாணலாகப் போனது.

"திருப்புனா ஒடனே திரும்ப மாட்டேங்குதே?"

"கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்பும்."

"ஒங்களாட்டமா" என்றாள் ஈஸ்வரி.

நண்டு வலைகளின் மிதவைகள் தண்ணீரில் கிடந்தன. "அதுகளுக்கு எடம் விட்டுப் போங்கக்கா" என்று முன்பக்கமிருந்து மரியசெல்வம் குரல் கொடுத்தான். கடலைப் பாத்திகளுக்கு நடுவே வண்டியை நெளித்து ஓட்டியவளுக்கு மிதவை எம்மாத்திரம். ஒன்றைக்கூடத் தொடாமல் போனாள். தலைசுற்றல் போன இடம் தெரியவில்லை.

"ஏன் நிக்கிறீங்க? உக்காருங்க."

செம்மல் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கே உட்காருவது? பெஞ்சைத்தான் பிடுங்கிப் போட்டாயிற்றே. அசட்டுச் சிரிப்போடு மரியசெல்வத்தைப் பார்த்தார். அவன் கீழே போய், சோபாவில் அழுக்குப் படாத மெத்தை ஒன்றை உருவிக்கொண்டு வந்து நாற்காலியை ஒட்டிப் போட்டான். செம்மல் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு அந்த வெள்ளை மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். படகில் ஏறிப்போக ஆரம்பித்த நாளிலிருந்து, போகிற திசையைப் பார்த்து அவர் சும்மா உட்கார்ந்து வந்தது அன்றைக்குத்தான்.

கட்டுமாவடி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் போன் அடித்தது. ஆனந்தராஜ்.

"என்னப்பா முடிவு பண்ணுன? என்ன எரைச்சலா இருக்கு, எங்க இருக்க?"

"படகுல சார்."

"அடப்பாவி, வேற எடத்துல சேந்துட்டியா? என்ன வேல?"

செம்மல் பக்கத்தில் பார்த்தார். ஈஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த மிதவையைக் கவனித்தபடி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"வேல ஒண்ணும் இல்ல சார். என் வீட்டுக்காரி ஓட்டுது, நான் பக்கத்துல உக்காந்து வாரேன்."